எதிர்மலைக்குத் திருப்பிய குழாய்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில், கல்யாணமான முதல் வருசமே மாரியம்மன் திருவிழாவுக்கு என்னை அனுப்பவில்லை. ஏழு மாசப் பிள்ளைத்தாச்சி ஆற்றைக் கடக்கக் கூடாது என்று மாமியார் காளியாயி ஒரே பிடியாக நின்றார். திருவிழா நடக்கிற, நான் பிறந்த தேயிலைத் தோட்டம் ஆற்றுக்கு அந்தப்பக்கம் எதிர்மலையில்தான். வாசலில் நின்றால் எங்கள் லயத்து வரிசை வீடுகளின் புகை தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம்? ஆத்திரத்தில் கொழுந்துக்கூடையை உதைத்தேன். சோறும் வேண்டாம் என்றேன்.

அண்ணன் சிவசாமி ஆள்விட்டுச் சொன்னான்: ஹட்டன் டவுனிலிருந்து ஒலிபெருக்கி வருகிறது, சாயங்காலம் வாசலில் நின்றால் போதும், கோயில் மேளம் முழுக்க என் காதில் விழும்.

முதல் நாள் நின்றேன். ஆற்றுச் சத்தம்தான் கேட்டது. உங்கள் அண்ணன் மேளம் நன்றாயிருக்கிறதா என்று மாமியார் விசாரித்தார். அழுகையை அடக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

அங்கே நடந்ததை அண்ணன் பின்னால் சொன்னான். பெரிசாக இருந்தால் சத்தமும் பெரிசாக வரும் என்று நம்பி, பீரோ மாதிரி ஒரு பெட்டி ஸ்பீக்கரை எடுத்து வந்திருக்கிறான், மடையன். சத்தத்தைப் பெருக்குகிற மெஷினோ பேட்டரியில் ஓடுகிற சின்னது. பெட்டியோ கரண்டை நிறையத் தின்று சத்தத்தைக் கொஞ்சமாகக் கொடுக்கிற ரகம். கொடுத்ததும் நாலாபக்கமும் சிதறி, தூரம் கூடக்கூடத் தேய்ந்து, ஆற்றோடு நின்றுவிட்டது. மறுநாள் அதே மெஷினில், அதே பேட்டரியில், கோயில் மூலையில் கிடந்த நசுங்கிய தகரக் குழாய் ஸ்பீக்கரை மாட்டினான். குழாய் கொஞ்சத்தை வாங்கிக்கொண்டு நிறையக் கத்தும். திருப்பிய பக்கம் பார்த்துக் கத்தும். சவுக்கு மரத்தில் ஏறி அதன் வாயை நான் வாழ்க்கைப்பட்ட லயத்துக்கு நேராகக் கட்டினான். திருவிழா இங்கேயா அங்கேயா என்று கோயில்காரர்கள் சண்டைக்கு வந்தார்களாம்.

அன்று பொழுது சாயும்போது, பக்கத்து லயத்தில் அடிப்பது மாதிரி மேளம் வந்தது. மேளம் நின்றதும் அண்ணன் குரல்.

"ராசம்மா, கேக்குதா?"

கேட்கிறது அண்ணே என்று தொண்டை கிழியக் கத்தினேன். என் பக்கம் ஏது மெஷின்? மறுபடி கேட்டான். மூன்றாம் தடவை கேட்டபோது குரல் இறங்கிப்போயிருந்தது.

மாமியார் அடுப்பிலிருந்து எரிகிற விறகை எடுத்துவந்து என் கையில் திணித்தார். "தூக்கிக் காட்டுடி. பாவம், அந்தப் புள்ள காத்துக்கிட்டு நிக்குது."

காட்டினேன். குழாயில் ஒரே கூச்சல். பிறகு கரகரவென்று மூச்சுச் சத்தம். மைக்கைத் தொட்டே அறியாத என் அம்மா, அத்தனை மலைக்கும் கேட்கும்படி கேட்டார்.

"சாப்புட்டியாடி?"

நேற்றிலிருந்து பச்சைத்தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. ஆனாலும் சாப்பிட்டேன் என்று விறகை மேலும் கீழும் ஆட்டினேன். மாமியார் விறகை வாங்கி வைத்துவிட்டு, என்னை உள்ளே கூட்டிப்போய்ச் சோறு போட்டார்.