வாட வேண்டிய புல்

கண்ணாடிக் கூண்டுக்குள் புல் மதமதவென்று நின்றது. ஆராய்ச்சிக்காரப் பெண் கூண்டின் எண்ணை இன்னொரு முறை பார்த்தாள். அது வாடியிருக்க வேண்டிய கூண்டு.

எல்லாம் மாட்டுத் தீவனப் புல். காற்றில் கரியமில வாயு கூடினால் புல் உயரமாக வளரும், ஆனால் அதிலுள்ள புரதம் குறையும். மாடு வயிறு நிறையத் தின்றாலும் உடம்பில் ஒட்டாது. கூடவே தண்ணீரும் குறைந்தால் சத்து என்னவாகும் என்பதுதான் அவள் ஆய்வு. அதனால் கூடுதல் கரியமில வாயு எல்லாக் கூண்டுக்கும் ஒன்றுபோல. தண்ணீர் மட்டும் பாதிக்கு முழுசாக, மீதிக்கு அரை அளவாக. இந்த அறுவடையை நம்பித்தான் அவள் பட்டமே இருந்தது.

குழாயில் கசிவில்லை. கூண்டுகளுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலைக்கார அம்மாவைக் கேட்டாள்.

"நான்தான் ஊத்தினேன், கண்ணு. பக்கத்துக் கூண்டு குடிக்கிறத இது கண்ணாடி வழியா பாத்துக்கிட்டே நிக்குது. மனசு கேக்கல."

"எல்லாத்துக்குமா?"

"வாடினதுக்கு மட்டும். ஓரவஞ்சனை பண்ணலாமா?"

கோபத்தோடு கிளம்பினாள். பேராசிரியர் அறைக்குப் போகும் வழியில்தான் உறைத்தது: எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று சொன்னாளே தவிர, ஏன் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

நடந்ததைக் கேட்டதும், யார் செய்ததோ அவரை இன்றே வேலையை விட்டு அனுப்பச் சொன்னார் பேராசிரியர்.

"தப்பு என்னோடது சார். எதுக்காகத் தண்ணிய குறைக்கிறோம்னு அவங்ககிட்ட நான் சொல்லவே இல்ல."

அவர் வெகுநேரம் முணுமுணுத்தார். கடைசியில், அறுத்துவிட்டு மறுபடி விதைக்கச் சொன்னார். பட்டம் ஒரு பருவம் தள்ளிப்போயிற்று. அந்த அம்மாவின் வேலை தப்பியது.

திரும்பி வந்து, கவிழ்த்த வாளியில் அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, காற்று மாறிவருவதையும் மழை பொய்ப்பதையும் விளக்கினாள்.

"அப்போ நாளைக்கு மாடுங்க பட்டினி கெடக்கக் கூடாதுன்னுதான் இன்னைக்கு இந்தப் புல்லு தாகமா கெடக்குதா? இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் கல்லாட்டம் நின்னிருப்பேனே."

பாழாய்ப்போன புல்லை, பக்கத்து வீட்டுச் சினைப்பசுவுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள் அந்த அம்மா.

புதுப் புல் முளைத்து, வாடத் தொடங்கிய வாரம். அரைத் தண்ணீரை அளந்து ஊற்றிக் குழாயை இறுக மூடிவிட்டு, அந்த அம்மா கண்ணாடியில் கை வைத்து நின்றாள். "கொஞ்சம் பொறுத்துக்க, தங்கம்." பிறகு உதடுகள் மட்டும் அசைந்தன. கடவுளிடம் என்ன கேட்டாளோ. பின்னால் வந்த ஆராய்ச்சிக்காரப் பெண், பக்கத்தில் நின்று தானும் கண்ணை மூடிக்கொண்டாள்.