வாசிக்காமல் விட்ட மூன்றாவது ஓலை

ஞாயிறு காலைப் பூசை முடியும் நேரம். முதலியார்பேட்டைக் கோயிலில் பங்குத்தந்தை அறிவிப்புகளை வாசித்துக்கொண்டிருந்தார். புதன்கிழமை நவநாள். வெள்ளிக்கிழமை பாடகர் குழுவுக்குப் பயிற்சி. சைக்கிள்களை மாதா கெபிக்கு முன்னால் நிறுத்த வேண்டாம். அதன்பின் கல்யாண ஓலை. இரண்டு ஜோடிகளின் பெயரை வாசித்துவிட்டுத் தாளை மடித்து வைத்துவிட்டார்.

மூன்றாவது ஜோடி நெல்சனும் பிரிஸ்கில்லாவும். கல்யாணத்துக்கு முன் மணமக்களின் பெயரை மூன்று ஞாயிறு கோயிலில் வாசிப்பது வழக்கம். போன ஞாயிறும் அதற்கு முந்தின ஞாயிறும் இவர்கள் பெயர் வந்திருந்தது. 'இவர்களுக்குள் திருமணத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கவும்' என்று ஓலையின் கடைசியில் ஒரு வரி உண்டு. அதை யாரும் காதில் வாங்கியதில்லை. அந்த வரி வரும்போது பெண்கள் குடையைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

இன்று யாரும் குடையைத் தேடவில்லை. எல்லோரும் பிரிஸ்கில்லாவைப் பார்த்தார்கள். அவள் ஆண்கள் பக்கம் நெல்சனைப் பார்த்தாள். மின்துறையில் ஜூனியர் இன்ஜினியராக இருக்கும் நெல்சன், தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறியை ஆய்வு செய்வதுபோல் அண்ணாந்துகொண்டான்.

வெளியே வேப்பமரத்தடியில் அவனைப் பிடித்தாள்.

"யாரு?"

"எங்கம்மாதான். நேத்து சாயங்காலம் ஃபாதர பாத்துட்டு வந்திருக்காங்க. எனக்கே காலையிலதான் சொன்னாங்க."

"என்ன தடைன்னு சொன்னாங்களாம்?"

"கண்ணையன்."

அந்தப் பெயரைப் புதுச்சேரியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மூலக்குளத்தில் ஒரு மனைத் தரகரைக் கொன்றதாக, போர்வெல் மோட்டார் பழுது பார்க்கும் கண்ணையனைப் போலீஸ் கைது செய்திருந்தது. உயிரோடு இருந்தபோது அந்தத் தரகரைத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். உள்ளூர் கேபிள் செய்தியில் அவர் படம் வந்த பிறகு ஊரில் பாதிப்பேர் அவரோடு டீ குடித்தவர்களாகிவிட்டார்கள். ரேஷன் கடை வரிசையிலும் தையல் கடையிலும் இதே பேச்சு. இவனுக்கெல்லாம் எதற்குக் கோர்ட்டு, எதற்கு வக்கீல், நேரு வீதியில் நிறுத்தி வைத்தால் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள்.

கண்ணையனுக்கு வக்கீல் வைக்க வசதி இல்லை. இலவசச் சட்ட உதவி மையம் வழக்கைப் பிரிஸ்கில்லாவிடம் கொடுத்தது. போலீஸ் கோர்ட்டில் அவனைத் தங்கள் காவலில் விசாரிக்கக் கேட்டபோது அவள் எழுந்து நின்று மூன்று விஷயம் கேட்டாள். காவலுக்குக் கொண்டுபோகும் முன்னும் பின்னும் டாக்டர் பார்க்க வேண்டும். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று மனைவிக்குச் சொல்ல வேண்டும். வக்கீல் அவனைச் சந்திக்க அனுமதி வேண்டும். மாஜிஸ்திரேட் மூன்றையும் ஏற்றுக்கொண்டுதான் காவல் கொடுத்தார். அன்று இரவு கேபிள் செய்தியில் 'கொலையாளிக்குச் சலுகையா?' என்ற தலைப்புக்குக் கீழே, காற்றில் முடி பறக்கப் பிரிஸ்கில்லா கோர்ட்டுப் படி இறங்கிக்கொண்டிருந்தாள்.

நெல்சனின் அம்மா லூர்துசெல்வி அதைப் பார்த்துவிட்டு டிவியை அணைத்தவள்தான், மறுபடி போடவில்லை. அவள் பொல்லாதவள் இல்லை. பாடகர் குழுவில் இரண்டாவது வரிசையில் நின்ற பிரிஸ்கில்லாவை, நெல்சன் பார்ப்பதற்கு முன்பே மருமகளாகப் பார்த்து வைத்தவள் அவள்தான். அதனால்தான் கோபம் அதிகமாக இருந்தது.

"கேஸ விட்டாதான் ஓலையாம்," என்றான் நெல்சன். "நீ விட வேணாம் ப்ரிஸ்ஸி."

"இத உங்கம்மாகிட்ட சொன்னியா?"

"சொல்றதுக்குள்ள இட்லி வச்சுட்டாங்க."

"நீ வாயத் தொறந்தது இட்லிக்கு மட்டும்தானா?"

"நானே அவங்க கஸ்டடியிலதான் இருக்கேன். முடிஞ்சா எனக்கும் ஒரு மனு போடேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, உடனே அழுகையும் வந்தது. வழக்கை விட்டால் இந்த ஊரில் அவளை நம்பி இனி யார் வருவார்கள்? விடாவிட்டால் இந்த நெல்சன் போய்விடுவான். வாயே திறக்காத ஆள்தான். ஆனாலும் அவள் கோர்ட்டில் தோற்ற நாட்களில் கேட்காமலேயே சோடா வாங்கிக்கொண்டு வந்து நிற்பவன்.

"சாயங்காலம் உங்க வீட்லதான அன்பியம்?" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நான் வர்றேன்."

அன்பியம் என்பது தெருவில் உள்ள கிறிஸ்தவக் குடும்பங்கள் மாதம் ஒரு வீட்டில் கூடி, ஜெபம் சொல்லி, ஊர்க்கதை பேசி, சுண்டல் சாப்பிட்டுக் கலையும் கூட்டம். வழக்கமாக எட்டுப் பத்துப் பேர் வருவார்கள். அன்று நாற்காலி போதவில்லை. எதிர்வீட்டுக் கலியமூர்த்தி நான்கு நாற்காலி கொண்டுவந்தார். அவர் மாரியம்மன் கோயில் தர்மகர்த்தா. ஐந்தாவதையும் எடுத்துவந்து அதில் தானே உட்கார்ந்துகொண்டார்.

அன்பியத் தலைவி வசந்தா நற்செய்தியை ரயில் வேகத்தில் வாசித்து முடித்தாள். ஜெபமாலையில் 'அருள்நிறை மரியே' ஜெபம் இரண்டு குறைந்ததை யாரும் கவனிக்கவில்லை.

லூர்துசெல்வி தயாராக இருந்தாள். கொலைகாரனுக்குப் பரிந்து பேசலாமா என்று ஊரே பிரிஸ்கில்லாவைக் கேட்கப்போகிறது என்று நினைத்திருந்தாள். ஆனால் வசந்தா பைபிளை மூடிவிட்டு லூர்துசெல்வி பக்கமே திரும்பினாள்.

"ஏன் லூர்துசெல்வி, பையனுக்குப் பாரிஸ்ல பொண்ணு பாத்துட்டீங்களாமே?"

"என்னது?"

"மறைக்காதீங்க. பிரெஞ்சு நேஷனாலிட்டி பொண்ணாம். அதான் இந்தப் பொண்ண ஓலையிலயே வெட்டி வுட்டுட்டீங்க."

காலையில் நின்ற ஓலைக்குக் காரணம் தெரியாத தெரு, மத்தியானச் சாப்பாட்டுக்குள் தானே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டது. புதுச்சேரியில் பேசி முடித்த கல்யாணம் நின்றால், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள ஒரு பெண்ணோ பையனோ குறுக்கே வந்திருப்பதாகத்தான் முதலில் நினைப்பார்கள்.

"நான் எங்க..." என்று ஆரம்பித்தாள் லூர்துசெல்வி.

"பிரெஞ்சு கான்சுலேட் வாசல்ல இவங்கள நானே பாத்தேன்," என்றார் கலியமூர்த்தி. "போன மாசம்."

"ரெண்டு பெரிய பெட்டி வாங்கினாங்க. சிவப்புக் கலரு. சக்கரம் வச்சது," என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. "விமானத்துக்கு இல்லாம இந்தா இருக்கற வில்லியனூர் போறதுக்கா சக்கரம்?"

"சொந்தக்காரங்க பாரிஸ்லேர்ந்து வந்து தங்கினாங்களே. அப்பவே எனக்குத் தோணுச்சு."

"பணத்தாச, வேற என்னா."

"இருங்க, நான் சொல்றத..."

"நீங்க சொல்றதுக்கு என்ன இருக்கு? எல்லாம்தான் தெரிஞ்சுபோச்சே."

லூர்துசெல்வி புருஷனைப் பார்த்தாள். அமலநாதன் தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்தச் செய்தியும் தனக்குக் கடைசியில்தான் வரும் என்பதற்குப் பழகியவர். அவரும் முகம் வாடி, "எங்கிட்டகூட ஒரு வார்த்தை சொல்லலியே செல்வி," என்றார்.

அதோடு அவள் வாய் அடைத்துப்போனது. இருபது வருஷம் இந்தத் தெருவுக்குக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் முன்னால் நின்றவள், சுண்டல் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு கண் கலங்க உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு நிமிஷம்," என்று வாசல் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. பிரிஸ்கில்லா எழுந்து நின்றாள். "அத்தைய பேச விடுங்க."

"நீ ஏம்மா அவங்களுக்குப் பேசற?" என்றாள் வசந்தா. "உன் கல்யாணத்ததான நிறுத்தினாங்க."

"நிறுத்தினாங்க. அதுக்கு எனக்குக் கோவம் இருக்கு. அதுக்காக அவங்க செய்யாததயும் செஞ்சாங்கன்னு சொல்ல முடியுமா? கலியமூர்த்தி அண்ணே, கான்சுலேட்டுக்குள்ள போனாங்களா?"

"வாசல்ல நின்னாங்க."

"நின்னு என்ன பண்ணாங்க?"

கலியமூர்த்தி மோவாயைச் சொறிந்தார். "வெள்ளரிப்பிஞ்சு தின்னுட்டிருந்தாங்க."

சிரிப்பு எழுந்தது. லூர்துசெல்விக்குக் குரல் வந்தது.

"எங்க அக்காவுக்கு வர்ற பிரெஞ்சு பென்ஷனுக்குக் கையெழுத்து. முட்டி வலின்னு என்னைத் தொணைக்குக் கூப்புட்டா. அவ உள்ள போனா, நான் வெளிய நின்னேன். அதுவும் தப்பா?"

"அப்ப பெட்டி?" என்றாள் பின்வரிசைக்காரி, விடாமல்.

லூர்துசெல்வி பிரிஸ்கில்லாவைப் பார்த்தாள். பிறகு தாழ்ந்த குரலில், "இவளுக்குத்தான் வாங்கினேன். கல்யாணப் புடவைங்க வைக்க. இவளுக்குச் சிவப்பு புடிக்கும்னு நெல்சன் சொன்னான்," என்றாள்.

பிரிஸ்கில்லாவுக்கு அடுத்து என்ன கேட்பது என்று தெரியவில்லை. கோர்ட்டில் இப்படி அவளுக்கு நடந்ததில்லை.

"பாரிஸும் இல்ல, ஒண்ணும் இல்ல," என்று லூர்துசெல்வியே தொடர்ந்தாள். "அந்தக் கண்ணையன் கேஸ விடச் சொல்லுங்கன்னுதான் ஃபாதர்கிட்ட போனேன். அது நான் செஞ்சதுதான்."

"அத முதல்லயே சொல்லக் கூடாதா?" என்று வசந்தா உற்சாகமானாள். "அது நியாயம்தான. கொலைகாரனுக்குப் போயி டாக்டரு, வக்கீலுன்னு..."

"இருங்க வசந்தா." லூர்துசெல்வி சுண்டல் கிண்ணத்தை நங்கென்று கீழே வைத்தாள். "அவன்தான் கொலைகாரன்னு நீங்க பாத்தீங்களா?"

"ஊரே சொல்லுதே."

"நான் பாரிஸ்ல பொண்ணு எடுத்ததாகூடத்தான் ஊரே சொல்லிச்சு. ஒரு பெட்டிய வச்சே என்னை ஃபிளைட் ஏத்திட்டீங்க. எனக்குப் பேச ஒரு வக்கீல் பொண்ணு இருந்தா. இல்லன்னா இன்னேரம் நான் எந்தக் கெதியில இருந்திருப்பேன்?"

கலியமூர்த்தி, "வெள்ளரிப்பிஞ்ச நான் முன்னாடியே சொல்லியிருக்கணும்," என்று முனகினார்.

லூர்துசெல்வி பிரிஸ்கில்லாவிடம் திரும்பினாள். "நெசமா சொல்லு. அவன் செஞ்சானா?"

"தெரியாது அத்தை."

"தெரியாமதான் அவனுக்காக நிக்கிறியா?"

"கண்டுபிடிக்கத்தான் கோர்ட்டு. அவன் செஞ்சிருந்தாலும், அடிச்சு ஒத்துக்க வச்சா அது கோர்ட்ல நிக்காது. செய்யலன்னா, செஞ்சவன் வெளிய ஜாலியா சுத்துவான். ரெண்டுலயும் செத்துப்போனவருக்குத்தான் நஷ்டம். அவன் பொண்டாட்டி அஞ்சலாட்சி, புருஷன எங்க வச்சிருக்காங்கன்னே தெரியாம சாப்பாட்டுத் தூக்கோட ரெண்டு நாள் அலைஞ்சுது. அத சொல்லுங்கன்னுதான் கேட்டேன். விட்டுடுங்கன்னு நான் கேக்கல."

"டிவியில இதெல்லாம் சொல்லலியே."

"என் முடி பறந்தத மட்டும் காட்டினான்."

லூர்துசெல்வி எழுந்து முந்தானையை உதறிக்கொண்டாள். "என்னங்க, சுண்டல நீங்க குடுங்க. நான் சாமியார் பங்களா வரைக்கும் போயிட்டு வந்துடறேன். பிரிஸ்கில்லா, ஸ்கூட்டிய எடு."

அப்போதுதான் நெல்சன் முன்னால் வந்தான். சமையலறைக் கதவருகே டம்ளர் தட்டோடு நின்றிருந்தவன், தட்டைக் கீழே வைத்தான்.

"அம்மா, நீங்க போகலன்னாலும் நானே போய் ஃபாதர்கிட்ட பேசியிருப்பேன். எனக்கு இவதான். இவ எந்தக் கேஸ எடுத்தாலும் இவதான்."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டு முகம் சிவந்து நின்றான். பின்வரிசைக்காரி கை தட்டினாள். லூர்துசெல்வி மகனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இத காலையில சொல்லியிருந்தா எனக்கு ஒரு நட மிச்சம்."

பங்களாவில் பங்குத்தந்தை இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரப் போகும் நேரம். "தடை இருக்குன்னு சொன்னீங்களே அம்மா, என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"தடை நான்தான் சாமி. விலகிட்டேன். அடுத்த வாரம் வாசிச்சுடுங்க."

அவர் பிரிஸ்கில்லாவைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். பேசினால் அழுதுவிடுவோம் என்று அவளுக்குப் பயம்.

திரும்பி வரும்போது லூர்துசெல்வி ஸ்கூட்டியின் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து, மருமகளின் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். கடலூர் சாலை வளைவில் காதருகே குனிந்தாள்.

"நாளைக்கு அவனக் கோர்ட்டுக்குக் கொண்டாருவாங்களா?"

"ஆமா அத்தை."

"பாக்க யாரு வேணா வரலாமா?"

"வரலாம். எல்லாருக்கும் திறந்த கோர்ட்டுதான்."

"அப்ப நானும் வரேன். அந்த அஞ்சலாட்சி தனியா நிக்கும் இல்ல."

வீட்டு வாசலில் நெல்சன் காத்திருந்தான். விஷயம் தெரிந்ததும், "நானும் லீவு போட்டுட்டு வரட்டுமா?" என்றான்.

"நீ வேலைக்குப் போ. கல்யாணத்துக்கு லீவு வேணும்," என்று சொல்லிவிட்டு லூர்துசெல்வி உள்ளே போய், பிரிஸ்கில்லாவுக்குத் தனியாக எடுத்து வைத்திருந்த சுண்டலை அமலநாதன் சாப்பிட்டுவிட்டாரா என்று பார்த்தாள். சாப்பிட்டிருந்தார்.

"யார கேட்டுத் தின்னீங்க?" என்றாள்.

"வக்கீல் இல்லாம நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்," என்றார் அவர்.