எண்ணூறு மீட்டர்

காவலாளி மதியழகனின் விசில் மூன்று முறை வீறிட்டது. பாலாற்றங்கரைப் பூங்காவின் நடைபாதை மறுபடி நீண்டுவிட்டது என்று பொருள். வாசல் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள், யாரோ ஜோடியாக மாட்டிக்கொண்டார்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த வடையை எடுத்தார்கள்.

வேலூரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். நாவலும் புங்கமும் அடர்ந்த அந்தப் பாதை, தனியாக நடப்பவருக்குப் பலகையில் எழுதியபடி எண்ணூறு மீட்டர். இருவர் சேர்ந்து நடந்து, ஒருவர் மற்றவரிடம் சொல்ல வேண்டியதை மறைத்து வைத்திருந்தால், அதைச் சொல்லும்வரை கேட் வராது. திரும்பி நடந்தாலும் அதே கதை. அளக்க வந்த பொறியாளர் ஜெபசீலனுக்கு முதல் நாள் கணக்குச் சரியாக இருந்தது. மறுநாள் மனைவியோடு வந்தார். மூன்று கிலோமீட்டரும் சொச்சமும் காட்டியது. அன்று மாலையே அவர் வீட்டில் பீரோ சாவி கைமாறியதாகப் பேச்சு. பிறகு நடுவழியில் இரண்டு பெஞ்சு போட்டார்கள். பில்கிஸ் சைக்கிளில் சுக்கு காபி கொண்டுவரத் தொடங்கினார். ஊர் பழகிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாட்டிக்கொண்டவள் ரெனிட்டா. சர்ச்சுக்குக் கட்டிய புடவையோடு வந்திருந்தாள். கூட நடந்தவன் பிரேம்நாத். இருவருக்கும் ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை. வலதையும் இடதையும் சேர்த்துக் கட்டுவது அவள் வேலை. அதை அவிழ்த்து, உள்ளே காகிதம் திணித்துப் பெட்டியில் அடுக்குவது அவன் வேலை. அந்த வருடம் அவன் மேஜையில் மட்டும் ஆறு தடவை இரண்டும் இடது காலாகவே இருந்தன. ஒவ்வொரு தடவையும் அவன் அவளிடம் எடுத்து வர, இருவரும் தலை குனிந்து சரியான ஜோடியைத் தேடினார்கள். ஒன்பது வருடமாகத் தப்பாத கை ரெனிட்டாவுடையது. ஆகவே தவறு பிரேம்நாத்துடையது என்று சூப்பர்வைசர் முடிவு கட்டினார். அவனும் அதை நம்பிக் கண்ணாடி போட்டுக்கொண்டான். நாளை முதல் அவனுக்கு ராணிப்பேட்டை யூனிட்டுக்கு மாற்றல்.

எண்ணூறு மீட்டருக்குள் சொல்லிவிடலாம் என்று ரெனிட்டாதான் அவனை அழைத்திருந்தாள். இரண்டு மணி நேரமாகியும் வாய் வரவில்லை. பாதை நீளத் தான்தான் காரணம் என்று நினைத்து, போன கிறிஸ்துமஸில் காணாமல்போன அவளுடைய கேக்கைத் தின்றது தானே என்று பிரேம்நாத் ஒப்புக்கொண்டான். கேட் வரவில்லை. கம்பெனி பஸ்ஸில் அவனுக்காகத் தினமும் பையைப் போட்டு இடம் பிடித்ததை ரெனிட்டா சொன்னாள். கேட் தூரத்தில் தலைகாட்டிவிட்டு மறுபடி மரங்களுக்குள் போனது. இடப்பக்கம், வேலூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் விரிஞ்சிபுரம் கோயில் கோபுரம் தெரிய ஆரம்பித்தது.

பில்கிஸ் சைக்கிளை நிறுத்தி, பிளாஸ்க்கைக் கவிழ்த்துக் காட்டினார்.

"இன்னா பாப்பா, விரிஞ்சிபுரமே வந்துடுச்சி. இதுக்கு மேல காபி கிடையாது."

ரெனிட்டா நின்றாள். நாளைக்கு அவன் பஸ்ஸில் இருக்கமாட்டான். அவள் வாயைத் திறந்ததுமே, பத்தடி முன்னால் பச்சை பெயின்ட் அடித்த கேட் சாதுவாக வந்து நின்றது.

"கண்ணாடியக் கழட்டுங்க பிரேம். உங்க கண்ணுல ஒண்ணும் இல்ல. நீங்க மறுபடி என் டேபிளுக்கு வரணும்னுதான் ஆறு வாட்டியும் ரெண்டு லெப்ட்டா கட்டுனேன்."