கப்பல் உபசாரம்

மேகலா குழாயடியிலிருந்து குடத்தோடு திரும்பியபோது, அவள் கலைந்தபடியே விட்டுப்போன படுக்கை சீராக விரிந்திருந்தது. விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை; மூலைகளெல்லாம் மெத்தைக்கு அடியில் இறுக்கமாகச் செருகப்பட்டிருந்தன. நடுவில் துவைத்த துண்டு ஒன்று யானையாக மடிந்து உட்கார்ந்திருந்தது. தலையணை மேல் ஒரு கடலை மிட்டாய். தன் கட்டிலில் உட்காரத் தானே தயங்கி, இடுப்புக் குடத்தை இறக்காமல் நின்றாள்.

அவள் கணவன் சத்யராஜ் விடுப்பில் வந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. ஏற்காடு லாட்ஜில் வேலை பார்த்தவனை ஏஜென்ட் ஒருவர் வெளிநாட்டு உல்லாசக் கப்பலுக்கு அனுப்பிவைத்தார். அங்கே அவன் வேலை அறையறையாகப் படுக்கை போடுவது, அறைக்கே சாப்பாடு கொண்டுபோவது, விருந்தாளிகளின் முகம் கோணாமல் பார்த்துக்கொள்வது. போவதற்கு முன் காப்பி குடித்த டம்ளரை உட்கார்ந்த இடத்திலேயே விட்டுப்போகிறவன், இப்போது சொந்த வீட்டுக் கதவையே தட்டிவிட்டு உள்ளே வருகிறான்.

"குடுத்து வெச்சவ புள்ள நீ. எங்கூட்டுக்காரரு தின்ன தட்டக்கூட எடுக்க மாட்டாரு" என்றாள் பக்கத்து வீட்டு சசிகலா. மேகலாவும் ஆமாம் என்று சிரித்தாள். பிறகு எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கையில் காரணமில்லாமல் கண் கலங்கியது. கை தன்பாட்டுக்குப் பச்சைக் காயையும் உருவிக் கூடையில் போட்டது. குறை என்று சொல்ல என்ன இருக்கிறது? சிரித்த முகமாகத்தான் இருக்கிறான். அந்தச் சிரிப்பு அவளுக்கென்று கொண்டுவந்ததா, கப்பலில் அறைக்கு அறை காட்டுவதா, அதுதான் பிடிபடவில்லை.

ஒருநாள் கேட்டேவிட்டாள். "ஏனுங்க, அங்க யாராச்சும் திட்டுனா என்ன பண்ணுவீங்க?"

"சிரிக்கோணும்."

"நொம்பத் திட்டுனா?"

"நொம்பச் சிரிக்கோணும்" என்று சொல்லிச் சிரித்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவரைக்காய்க் குழம்பில் உப்புப் போட்ட பிறகு, தெரிந்தே இன்னொரு கைப்பிடி அள்ளிப் போட்டாள். ஏன் என்று கேட்டிருந்தால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. சத்யராஜ் வழக்கம்போல் அவளை உட்காரவைத்துப் பரிமாறிவிட்டு, இடது கையை முதுகுக்குப் பின்னால் மடித்துக்கொண்டு நின்றான்.

"இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?"

ஊத்தட்டுங்களா. 'ஏ புள்ள' என்று கூப்பிட்ட வாயில் இந்த 'ங்க' எப்போது ஒட்டிக்கொண்டது? விளையாட்டா, நிஜமா?

"வாயில வெக்க முடியல. உப்புக் கரிக்குது."

"மன்னிச்சுக்குங்க. உடனே மாத்திர்றேன்." கை தட்டை நோக்கி நீண்டது.

"ஏனுங்க, கொழம்பு வெச்சது நானுங்க!"

நீட்டிய கை அப்படியே நின்றது. உதட்டில் சிரிப்பு இருந்தது. கண்கள் மட்டும் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று தேடுவதுபோல அறையைச் சுற்றின. மேகலா அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். ஒரு கவளம் பிசைந்து வாயில் ஊட்டினாள்.

மென்றான். முகம் கோணியது.

"தூ! என்ன புள்ள இது, உப்பு மூட்டைய அப்படியே கவுத்துட்டியா?"

மேகலாவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. வாய்விட்டுச் சிரித்தாள். ஆனால் அவன் திட்டுவதை நிறுத்திவிட்டு அவள் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தான். போதுமா, இன்னும் கொஞ்சம் திட்டட்டுமா என்று கேட்கிற பார்வை. இல்லை, இவளுக்குத்தான் அப்படித் தோன்றியதோ? சிரிப்பு பாதியில் நின்றது.

வெளியே மஞ்சக்குட்டை ஊருக்குப் போகிற ஜீப் ஹாரன் அடித்தபடி இறங்கிப் போயிற்று. சத்யராஜ் சொம்பைத் தூக்கி அண்ணாந்து மடமடவென்று குடித்தான். தண்ணீர் தாடையில் வழிந்து, சட்டையை நனைத்து, தரையில் சொட்டியது. அவன் துடைக்கவில்லை; மறந்தா, இவளுக்காக வேண்டுமென்றேயா? சிமெண்டுத் தரையில் மெல்ல நெளிந்து தன் பக்கமாக வருகிற அந்தத் தண்ணீரையே, எச்சில் கையோடு மேகலா பார்த்துக்கொண்டிருந்தாள்.