முப்பத்தொன்றாம் ஈடு

கௌரம்மாவைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு ஒன்று உண்டு. பொய் சொல்வதில் அவளுக்கு இருந்த பொறுமை வேறு யாருக்கும் வராது. நாலு வருஷம், இருபத்தாறு தடவை, முகம் கோணாமல் சொன்னாள். நானும் அத்தனை தடவையும் பல்லை இளித்துக்கொண்டு நம்பினேன்.

மைசூர் குவெம்புநகரில் எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரே காம்பவுண்டுச் சுவர். என் வீட்டுக்காரர் சேகரன் ஹெப்பாள் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். கௌரம்மாவின் வீட்டுக்காரர் ராயர் பேங்கில் ஆபீசர். நாங்கள் ஹனூர்ப் பக்கத்துக் குடியானவர்கள், வீட்டுக்குள் தமிழ், கேட்டைத் தாண்டினால் கன்னடம். அதனால் கௌரம்மா பேசியதையெல்லாம் இங்கே நான் தமிழில்தான் எழுதவேண்டியிருக்கிறது.

சோப்புப் பைத்தியம் எனக்கு எப்படிப் பிடித்தது என்று சொல்லிவிடுகிறேன். 93-ல் வட்டாரத்து மகளிர் சங்கத்தில் மூன்று நாள் வகுப்பு வைத்தார்கள். ஒரு நாள் ஃபினாயில், ஒரு நாள் மெழுகுவத்தி, ஒரு நாள் சோப்பு. இருபது பேர் கற்றுக்கொண்டோம், பத்தொன்பது பேர் வீட்டுக்குப் போனதும் மறந்துவிட்டார்கள். சோப்புக்குப் பேர்போன ஊரில் உட்கார்ந்துகொண்டு வீட்டில் சோப்புக் காய்ச்சுகிறவளை எல்லாரும் ஒரு மாதிரிதான் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

முதல் தடவை காய்ச்சிய ஈடு மானத்தை வாங்கியது. வகுப்பில் எவர்சில்வர் பாத்திரம் என்று சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. வீட்டிலிருந்த அலுமினியக் குண்டானில் காஸ்டிக் சோடா கரைசலை ஊற்றினேன். புஸ்ஸென்று பொங்கி, பாத்திரம் கறுத்து, அடியில் ஓட்டை விழுந்துவிட்டது. சாயங்காலம் சேகரன் அந்தக் குண்டானை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"சோப்புப் பண்றேன்னு சொல்லிப்போட்டு குண்டானைக் கரைச்சு வெச்சிருக்கறயே மகேசு" என்றார்.

"ஏனுங்க, எல்லாருக்கும் முதல்லயே வந்துருமா?" என்றேன்.

வந்தது. ஆறாவது ஈட்டில் வந்தது. தண்ணீரில்தான் காரத்தை, அதாவது காஸ்டிக் சோடாவை, போடவேண்டும், காரத்தின்மேல் தண்ணீரை ஊற்றினால் முகத்தில் தெறிக்கும். எண்ணெயும் காரத்தண்ணீரும் ஒரே வெதுவெதுப்பில் இருக்கவேண்டும். மரக்கரண்டியால் ஒரே பக்கமாகக் கிண்டி, தோசை மாவுப் பதம் வந்ததும் எண்ணெய்க் காகிதம் விரித்த மரப்பெட்டியில் ஊற்றிப் பழம்புடவையால் போர்த்திவிடவேண்டும். மறுநாள் துண்டு போட்டு, பரண்மேல் அடுக்கி, ஒரு மண்டலம் காயவிடவேண்டும். நாற்பத்தெட்டு நாள் ஆனதும் நுனிநாக்கால் தொட்டுப் பார்ப்பேன். சுரீரென்றால் காரம் இன்னும் இருக்கிறது. சப்பென்று இருந்தால் சோப்பு. எந்த ஈடு எந்த நாள் என்று குழம்பாமலிருக்க ஒவ்வொரு சோப்பின் பின்பக்கமும் கொண்டை ஊசியால் நம்பர் கீறிவிடுவேன். இதெல்லாம் எனக்குக் கொடுத்த சந்தோஷத்தை வேறு எதுவும் கொடுத்ததில்லை. கல்யாணம்கூட இல்லை.

ஆனால் சோப்பு என்றால் யாராவது குளிக்கவேண்டும் அல்லவா? சேகரனுக்குக் கையில் கிரீஸ் போகவில்லையாம், ஸ்கூட்டர் கழுவ எடுத்துக்கொண்டார். மகள் மனிஷாவுக்கு டிவியில் காட்டுகிற சோப்புதான் வேண்டும், என்னுடையது "பாத்திர சோப்பு மாதிரி இருக்கும்மா". நானே எவ்வளவு தேய்த்துக் குளிப்பது? சமைக்கிறவளுக்குச் சாப்பிட ஆள் வேண்டும். என் சோப்பு என்னைத் தவிர ஒரு உடம்பிலாவது நுரைக்கிறது என்று தெரியவேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. அந்த ஆசையைத் தீர்த்துவைத்தவள் கௌரம்மா.

ஒவ்வொரு ஈட்டிலும் அவளுக்கு நாலு கொடுப்பேன். பத்து நாள் கழித்துச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தலை தெரியும். "தும்ப சென்னாகிதே மகேஸ்வரி" என்பாள், ரொம்ப நன்றாக இருக்கிறதாம். அதோடு விடமாட்டாள். மஞ்சள் போட்டது முகத்துக்கு நல்ல பளபளப்பு, எலுமிச்சைத் தோல் போட்டதன் வாசனை சாயங்காலம்வரை நின்றது, ராயர் கூட இது என்ன சோப்பு என்று கேட்டார் என்று விவரம் விவரமாகச் சொல்வாள். அன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவாது. எண்ணெய் வாங்க மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிடுவேன்.

97-ல் கௌரி ஹப்பா பண்டிகைக்கு அவளுக்கென்றே ஓர் ஈடு போட்டேன். முப்பத்தொன்றாவது. மார்க்கெட் சந்தில் அத்தர்க் கடையில் மல்லிகை அத்தர் வாங்கி, ஆறே ஆறு சோப்பு. ஒன்றைக்கூட நான் வைத்துக்கொள்ளவில்லை. ஆறையும் மஞ்சள் காகிதத்தில் சுற்றி, பூவோடும் வளையலோடும் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்று வாரத்தில் சுவருக்கு மேலே தலை தெரிந்தது.

"ரெண்டு தீந்துபோச்சு மகேஸ்வரி. மூணாவது இப்பத்தான் எடுத்து வெச்சேன். குளிச்சுட்டு வந்தா வீடே மல்லிகைப் பந்தல்தான்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வந்தது.

அப்புறம் நவராத்திரி. எங்கள் தெருவில் ஏழெட்டு வீட்டில் பொம்மை வைப்பார்கள். போய்ப் பார்த்து, ஒரு பாட்டைக் கேட்டு, சுண்டலைத் தின்றால் மஞ்சள் குங்குமத்தோடு ஒரு பை கொடுப்பார்கள். தேங்காய், வெற்றிலை, ஒரு ரவிக்கைத் துண்டு. அந்த ரவிக்கைத் துண்டை யாரும் தைத்துப் போடமாட்டார்கள், அடுத்த வீட்டுப் பையில் போட்டுவிடுவார்கள். போன வருஷம் நான் கொடுத்த அரக்குக் கலர் துண்டு இந்த வருஷம் மூன்றாவது வீட்டிலிருந்து எனக்கே வந்தது. அதெல்லாம் வழக்கம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

எட்டாம் நாள் தெருக்கோடி கனகா வீட்டுக்குப் போனேன். குண்டலுபேட்டையில் மண்டி வைத்திருக்கிறவரின் பெண்சாதி, தமிழ்க்காரி, கபடம் தெரியாதவள். வீட்டுக்கு வந்து பையைக் கவிழ்த்தேன். தேங்காய்க்கு அடியில் மஞ்சள் காகிதம் சுற்றிய ஒரு கட்டி கிடந்தது. பிரிக்கும்போதே மல்லிகை வாசனை. திருப்பிப் பார்த்தேன். 31 என்று கொண்டை ஊசிக் கீறல், என் கைக் கீறல். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டிருக்கவில்லை.

கனகாவுக்கு யார் கொடுத்திருப்பார்கள் என்று நான் யோசிக்கவேண்டியிருக்கவில்லை. ஆறு சோப்பும் போனது ஒரே வீட்டுக்கு.

மறுநாள் காலையில் சோப்பை எடுத்துக்கொண்டு கௌரம்மா வீட்டுக்குப் போனேன். அவள் சமையலறை வாசலில் உட்கார்ந்து பீர்க்கங்காய் சீவிக்கொண்டிருந்தாள். நான் சோப்பை அவள் முன்னால் தரையில் வைத்தேன், நம்பர் மேலே தெரிகிறமாதிரி.

"இது கனகா பையில வந்துது அக்கா" என்றேன்.

அவள் பதறுவாள், சமாளிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சோப்பைப் பார்த்தாள், பீர்க்கங்காயைக் கீழே வைத்தாள்.

"உக்காரு. தெரிஞ்சுபோச்சு, இனிமே மறைச்சு என்ன? கோவிச்சுக்காதே. எங்க வீட்டுல காலைல குளிச்சுட்டு நேரா பூஜைக்குப் போவோம். நீங்க கோழி, ஆடு எல்லாம் பொழங்கறவங்க. அதே கை, அதே அடுப்பு. அதை உடம்புல போட்டுக்கிட்டு நான் எப்படி சாமியைத் தொடுவேன்?"

"அது தேங்காயெண்ணெய் அக்கா. சுத்தமான தேங்காயெண்ணெய். கொழுப்பு எதுவும் கிடையாது."

"எண்ணெயைச் சொல்லல மகேஸ்வரி" என்றாள்.

என் கையைப் பார்த்தேன். காரம் பட்டுத் தோலுரிந்து, நகத்தோரம் வெள்ளை பூத்த கை. நாலு வருஷத்தில் அவள் என் வீட்டில் ஒரு வாய்க் காபி குடித்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு தடவையும் ஒரு விரதம் சொல்வாள். திங்கட்கிழமை, ஏகாதசி, சங்கடஹர சதுர்த்தி. இவ்வளவு விரதம் இருக்கிற புண்ணியவதி பக்கத்து வீட்டில் இருக்கிறாளே என்று நான் வேறு பெருமைப்பட்டிருக்கிறேன்.

"அப்ப ஏன் அக்கா நல்லாருக்குன்னு சொன்னீங்க? வாசனை நின்னுது, ராயர் கேட்டார்னெல்லாம் சொன்னீங்களே?"

"உன் மனசு நோகக்கூடாதுன்னுதான். முகத்தை எவ்வளவு ஆசையா வெச்சுக்கிட்டு வருவே. ஆனா ஒண்ணு, நான் எதையும் வீணாக்கல. எல்லாத்தையும் சித்தம்மாவுக்குக் குடுத்துடுவேன். இந்தத் தடவைதான் பைக்குச் சாமான் பத்தலைன்னு ரெண்டை எடுத்துப் போட்டுட்டேன். கனகா அதைச் சுத்திவிடுவாள்னு எனக்கென்ன தெரியும்?"

சித்தம்மா எங்கள் இரண்டு வீட்டுக்கும் வேலை செய்கிறவள். நான் எழுந்து வந்துவிட்டேன். கேட்டைக் கொஞ்சம் பலமாகத்தான் சாத்தினேன்.

அடுத்த நாள் சித்தம்மா வந்து பாத்திரத்தை எடுத்துப் பின்கட்டில் போட்டதும் நான் பின்னாலேயே போனேன்.

"கௌரம்மா உனக்கு சோப்புக் குடுப்பாங்களா?"

"ஆமாக்கா. நீங்க பண்ற சோப்பு." கையை உதறிவிட்டு நிமிர்ந்தாள். "நாலு வருஷமா எங்க வீட்டுல அதுதான். உங்ககிட்டச் சொல்லணும்னு இருப்பேன், கௌரம்மா சொல்லவேண்டாம்னுட்டாங்க."

"எப்படி இருக்குது?" என்று கேட்டேன். கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்.

"எலுமிச்சை போட்டது முகம் காந்துச்சு, நான் கால் தேய்க்க வெச்சுக்கிட்டேன். மஞ்சளு துணியில ஒட்டுது. மல்லிகை ரெண்டு நாள்ல வாசம் போயிருச்சு, ஆனா நுரை நல்லா வருது. வேம்பு போட்டதுதான் சொக்கத்தங்கம். எம் மகளுக்கு முழங்கையில சொறி, ஆஸ்பத்திரி மருந்துல கேக்கல, அதுல போயிருச்சு. பின்னாடி நம்பர் போடுவீங்களே அக்கா, பதினெட்டு. அதுமாதிரி இன்னொண்ணு வரவே இல்லை."

பதினெட்டாம் ஈட்டில் பாதிக்கு நல்லெண்ணெய் சேர்த்திருந்தேன். நான் செய்ததிலேயே அதுதான் சிறந்தது என்று எனக்குத் தெரியும். வேறு யாருக்காவது தெரியவேண்டும் என்றுதான் நாலு வருஷமாகக் கிண்டிக்கொண்டிருந்தேன். ஒருத்திக்குத் தெரிந்திருக்கிறது. நம்பரோடு தெரிந்திருக்கிறது. குறை எது, நிறை எது என்று கௌரம்மாவைப்போல இட்டுக்கட்டாமல் சொல்கிறாள்.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. முகம் சூடேறியது. அத்தர்க் கடையில் பேரம் பேசி வாங்கி, நாக்கில் தொட்டுப் பார்த்து, காகிதம் சுற்றிக் கொடுத்ததெல்லாம் போய்ச் சேர்ந்தது இங்கேதானா என்று நினைத்தேன். தெருவில் தெரிந்தால் வேலைக்காரி குளிக்கிற சோப்பு என்பார்களே என்று நினைத்தேன். அதை நினைத்தவள் நான்தான், கௌரம்மா இல்லை.

"சித்தம்மா, இதைப் போட்டுக் குளிக்கிறேன்னு வேற வீட்டுல எல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காதே" என்றேன்.

"எதுக்கக்கா?"

"சும்மாதான்."

அவள் "ஆயித்தக்கா", சரி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து பாத்திரம் தேய்த்தாள். போகும்போது நான் கொடுத்த காபியைக் குடித்தாள். டம்ளரை அவளே கழுவி, குழாயடியில் ஜன்னல் விளிம்பில் கவிழ்த்துவைத்தாள். அந்த டம்ளர் எப்போதும் அங்கேதான் இருக்கும். உள்ளே மற்ற டம்ளர்களோடு அதை நான் சேர்த்ததில்லை. ஏன் என்று அவளும் கேட்டதில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

அன்று முழுக்கக் கௌரம்மாவின்மேல் கோபப்பட்டுப் பார்த்தேன். நிலைக்கவில்லை. அவளாவது எனக்கு நோகக்கூடாது என்று பொய் சொன்னாள். நான் சித்தம்மாவிடம் அந்தச் சிரமம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போய் வேப்பெண்ணெயும் நல்லெண்ணெயும் வாங்கிவந்தேன். திங்கட்கிழமை காலையில் சித்தம்மா வந்து, குனிந்து வாசல் தெளித்தாள். பக்கத்தில் போனபோது அவளிடமிருந்து கடையில் விற்கிற சிவப்பு சோப்பின் நெடி அடித்தது.

"உனக்குன்னே பதினெட்டு மாதிரி ஒரு ஈடு போடலாம்னு இருக்கேன் சித்தம்மா" என்றேன்.

அவள் நிமிரவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"வேண்டாக்கா. இனிமே குடுக்காதீங்கன்னு கௌரம்மாகிட்டயும் சொல்லிட்டேன். குளிக்கிறதையே ஒளிச்சு வெக்கணும்னா அப்படி ஒரு சோப்பு எனக்கெதுக்கு?"

வாளியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டாள்.