அண்ணனை அலுவலகத்தில் விட்டுவிட்டு வந்தவள்

பழைய ஆண்டெனா ஒளிபரப்பை அரசாங்கம் நிறுத்திய அன்று காலை, அண்ணன் படுக்கையிலிருந்தபடியே ரிமோட்டை அமுக்கி அமுக்கிப் பார்த்தார். புதிதாகக் கொடுத்திருந்த செட்டாப் பாக்ஸில் விளக்கு எரிந்தது. திரையில் 'சிக்னல் இல்லை' என்ற ஒரே வரி.

கூரை வேலை பார்த்தவர். சறுக்கி விழுந்ததிலிருந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லை. தங்கை ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகள் துவைப்பவள். அவள் போய்த் திரும்பும்வரை அவருக்குத் துணை அந்த டிவிதான்.

மலைக்கு இந்தப் பக்கம் எந்த வீட்டிலும் படம் வரவில்லை. ஒளிபரப்பு அலுவலகத்துக்குப் போன் போட்டால் பாட்டுப் போட்டுக் காக்கவைத்தார்கள். கடைசியில் ஒரு பெண், "உங்க ஏரியாவுல எந்தப் பிரச்சினையும் இல்லைங்க" என்றாள்.

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"அப்படிச் சொல்லலைங்க. எங்க கம்ப்யூட்டர்ல நல்லாத் தெரியுதுன்னுதான் காட்டுது."

வார விடுப்பில் அவள் டிவியையும் பாக்ஸையும் போர்வையில் சுற்றி, பால் வண்டியில் ஏற்றி, டவுனில் இருந்த அந்த அலுவலகத்துக்கே கொண்டுபோனாள். அதிகாரி தன் மேசையில் வைத்து ஒயரைச் சொருகினார். படம் பளிச்சென்று வந்தது.

"பாருங்கம்மா, கண்ணாடி மாதிரி தெரியுது. உங்களுக்குத்தான் மாட்டத் தெரியலை."

பின்னாலிருந்த கிளார்க் சிரித்தார். அவளுக்குச் சுர்ரென்று உச்சந்தலைக்கு ஏறியது.

"இங்க தெரியுது சார். எங்கண்ணன் இங்கயா படுத்திருக்காரு?"

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? மலையை நகர்த்தட்டுமா?"

அதை அப்படியே வந்து வீட்டில் சொன்னாள். அண்ணன் ரிமோட்டைக் கீழே வைத்தார்.

"அப்ப என்னை அங்க கொண்டுபோய் விடு."

"விளையாடாதண்ணே."

"விளையாட்டு இல்ல. நான் என்ன பீரோவா, மூலையிலயே கிடக்க? அந்தாளு மூஞ்சியை நானும் பார்க்கணும்."

மறுநாள் பால் வண்டிக்காரரும் அவளுமாகச் சேர்ந்து அவரைச் சக்கர நாற்காலியோடு ஏற்றினார்கள். காத்திருப்பு அறைச் சுவரில் இருந்த பெரிய டிவிக்கு நேராக அவரை நிறுத்திவிட்டு, சாப்பாட்டு டப்பாவையும் மூத்திரக் குப்பியையும் பக்கத்தில் வைத்தாள். அதிகாரி ஓடிவந்தார்.

"என்னம்மா இது? ஆஸ்பத்திரின்னு நினைச்சீங்களா?"

"இங்கதான் கண்ணாடி மாதிரி தெரியுதுன்னீங்களே சார். பார்த்துட்டு இருக்கட்டும். வேலை முடிஞ்சு வந்து கூட்டிட்டுப் போறேன்."

பதிலுக்கு நிற்கவில்லை. ஆனால் சலவைக்கூடத்து நீராவிக்குள் நின்றபோதும் அதே யோசனைதான். போலீசைக் கூப்பிட்டிருப்பார்களோ?

சாயங்காலம் போனால், டிவி அணைந்து கிடந்தது. கறுத்த திரைக்கு முன்னால் அண்ணன் அப்படியே இருந்தார். குப்பி நிறைந்திருந்தது. ஒருவரும் தொடவில்லை.

"எப்பண்ணே அணைச்சாங்க?"

"நீ போன கையோட." அவர் குரல் கட்டியிருந்தது. "நான் மட்டும் சும்மாவா இருந்தேன்? உள்ள வந்த ஒருத்தரை விடலை. எதுக்கு இங்க உட்கார்ந்திருக்கேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

அடுத்த நாளும் கொண்டுபோனாள். இந்தத் தடவை மலைப்பக்கத்து ஆட்களும் வண்டி நிறைய வந்து அவரைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தார்கள். அந்த வாரமே அதிகாரி ஒரு டிஷ்ஷோடு வீட்டு வாசலில் நின்றார்.

"உங்களுக்கு மட்டும் ஸ்பெஷலா ஏற்பாடு பண்ணியிருக்கேன். வெளிய சொல்லிக்காதீங்க."

"மத்த வீடுங்க?"

"மேலிடத்துக்கு எழுதியிருக்கேன்மா."

அதைப் பிடுங்கி அவர் தலையிலேயே போட வேண்டும் போலிருந்தது. திரும்பிப் பார்த்தாள். அண்ணனின் கண் டிஷ்ஷை விட்டு அகலவில்லை. வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"மாட்டிட்டுப் போங்க. ஆனா வாயை மூடிட்டு இருப்பேன்னு நினைக்காதீங்க."

மறுநாள் காலை, அலுவலகத்துக்குக் கிளம்பிய மலைப்பக்கத்து ஆட்களோடு பால் வண்டி வாசலில் ஹார்ன் அடித்தது. அண்ணன் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ போயிட்டு வாம்மா," என்றார், திரையிலிருந்து திரும்பாமலே.

அவர்மேலும் கோபம் வந்தது. வந்த வேகத்தில் சத்தத்தைச் சரிசெய்து, தண்ணீரைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்தாள். சலவைக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு, மற்றவர்களோடு அவளும் வண்டியில் ஏறிக்கொண்டாள்.