மூடுபனியில் மூன்று படகுகள்

கார்லண்ட் பைக் தபால் நிலையத்துக்குள் நுழைந்து, இந்த வருஷம் துறைமுக நீச்சல் கிடையாது என்று சொன்னபோது, லொரெட்டா வைஸ்மன் ஜன்னலோரம் நின்று ஒரு கவருக்குத் தபால்தலை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்த நோட்டீஸைக் கிழிச்சிடு வெர்னா," என்றார் கார்லண்ட் என்னிடம். "இன்சூரன்ஸ்காரன் முடியாதுன்னுட்டான். போன வருஷம் ஒரு பையன் கால்கிட்ட மோட்டார் விசிறி போச்சே, அதை யாரோ எழுதிப் போட்டுட்டாங்க. இனிமே நீந்துறவங்க பக்கத்துல மோட்டார் படகே வரக்கூடாதாம். துணைக்குப் படகு இல்லாம ஆளுங்களைக் கடல்ல இறக்கவும் கூடாதாம்."

எங்கள் ஊரான டோர்மன்ஸ் ஹார்பரில் அந்த நீச்சல் எதற்காக என்று தெரியாதவர்கள் இல்லை. கார்லண்டின் மனைவி ஜெரல்டீனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. ரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரம் இருக்கும் மருத்துவமனைக்கு இரண்டரை மணி நேரப் பயணம். வாரம் மூன்று முறை. எங்கள் கரையில் இப்படி ஏழு பேர் இருந்தார்கள். நான்கு வருஷமாக கார்லண்ட்தான் தன் பழைய பிக்கப் வண்டியில் முடிந்தவரை ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் வந்தார். பனி கொட்டும் மாதங்களில், சாலையில் கடமான் குறுக்கே நிற்கும் வேளைகளில், இயந்திரத்திலிருந்து எழுந்து வந்த சோர்வோடு முன்சீட்டில் நெருக்கி உட்கார்ந்து வருவது என்ன பாடு என்று அவர்களைக் கேட்டால்தான் தெரியும். அவர்களுக்கென்று ஒரு வேன் வாங்கப் பணம் திரட்டத்தான் நீச்சல். இன்னும் ஒரு வருஷம் நடத்தினால் போதும் என்கிற நிலை.

லொரெட்டா கவரை மேஜைமேல் வைத்தாள். கார்லண்டின் பக்கம் திரும்பவில்லை.

"வெர்னா, அவர்கிட்ட சொல்லு. மோட்டார் இல்லாத படகு இந்த ஊர்ல மூணு இருக்கு."

கார்லண்டும் சுவரைப் பார்த்தபடி சொன்னார். "அந்தம்மாகிட்ட சொல்லு வெர்னா. அதெல்லாம் பந்தயப் படகு. அடுத்த வாரம் ரெகாட்டா, படகுப் பந்தயம் வருது. எனக்காக யாரும் தியாகம் பண்ண வேண்டாம்."

"அவருக்காகன்னு யார் சொன்னா? ஜெரல்டீனுக்காக. மத்த ஆறு பேருக்காக. இதையும் சொல்லிடு வெர்னா."

"நான் தபால் ஆபீஸ்தான் நடத்துறேன்," என்றேன். "ஆனா சேதி கொண்டுபோகணும்னா ரெண்டு பேரும் ஸ்டாம்பு ஒட்டிட்டுப் பேசுங்க."

அவர்கள் இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசி அப்போது பத்து வருஷம் ஆகியிருந்தது. லொரெட்டா எங்கள் துடுப்புப் படகுக் கழகத்தின் காக்ஸ். படகின் பின்கோடியில் உட்கார்ந்து சுக்கானைப் பிடித்து, ஆறு துடுப்புக்காரர்களுக்கும் தாளம் சொல்கிறவள். கார்லண்ட் அவளுக்கு நேர் எதிரே முதல் துடுப்பில் உட்கார்ந்தவர். ஒரு வசந்தகாலத்தில் எந்த விளக்கமும் சொல்லாமல் அவரை அணியிலிருந்து எடுத்துவிட்டு, இருபத்து நான்கு வயது ஆள் ஒருவனை அந்த இடத்தில் உட்கார வைத்தாள். அதோடு அவர் கழகத்துக்குள் கால் வைப்பதை நிறுத்திவிட்டார். ஆனாலும் நீச்சல் நாளில் கழகம் சும்மா இருந்ததில்லை. நாங்கள் மீன் கட்லெட் பொரித்து விற்போம், சட்டைகள் விற்போம். அவர் எங்கள் மேஜைப் பக்கம் வராமல் சுற்றிப் போவார்.

அன்று மாலையே கழகத்தில் கூட்டம் போட்டோம். எங்கள் தலைவர் ஆம்ப்ரோஸ் ஃபூட் கணக்காகக் கவலைப்படுகிறவர்.

"பதினோரு வருஷத்துக்கு அப்புறம் பெண்கள் அணிக்கு ஜெயிக்க ஒரு வாய்ப்பு வந்திருக்கு," என்றார். "நீச்சலுக்கும் பந்தயத்துக்கும் நடுவுல எட்டே நாள். இப்பப் போய் நீந்துறவங்க பக்கத்துல ஊர்ந்துக்கிட்டு இருந்தா கையெல்லாம் கெட்டுப்போகும். படகுல கீறல் விழுந்தா யார் பொறுப்பு?"

"நான்," என்றாள் லொரெட்டா.

"ஜெயிக்க வேண்டாமா உனக்கு?"

"வேணும். ரொம்ப வேணும். ஆனா ஆம்ப்ரோஸ், நம்ம சட்டை முதுகுல ஊர் பேரு எழுதியிருக்கு. உன் பேரோ என் பேரோ இல்ல."

கை தூக்கச் சொன்னார்கள். ஆம்ப்ரோஸைத் தவிர எல்லாரும் தூக்கினோம். அவர் எங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பெருமூச்சு விட்டு, தானும் தூக்கினார். "அப்படின்னா மூணாவது படகுக்கு நானே காக்ஸ். வேற யார்கிட்டயும் குடுக்க மாட்டேன்," என்றார்.

அதற்கு அடுத்த மூன்று மாலைகள்தான் என் துடுப்பு வாழ்க்கையிலேயே கடினமானவை. வேகமாக இழுக்கப் பழகியவர்களுக்கு மெதுவாக இழுப்பது பெரிய தண்டனை. நீந்துகிறவன் வேகத்துக்குப் போக வேண்டும். சொன்ன நொடியில் படகு நின்ற இடத்தில் நிற்க வேண்டும். துடுப்பு யார் தலையிலும் படக்கூடாது. எங்கள் பெண்கள் அணிப் படகுக்குக் காக்ஸாக இருந்த லொரெட்டா விடவே இல்லை. "வெர்னா, என்ன அவசரம்? அடுப்புல பால் வெச்சுட்டு வந்திருக்கியா?" என்று கத்துவாள். பிறகு மூன்று படகுகளையும் கூப்பிட்டு, மூடுபனி இறங்கினால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுத்தாள். படகுகள் வரிசையாக நிற்க வேண்டும். ஒரு காக்ஸின் குரல் அடுத்த காக்ஸுக்குக் கேட்கும் தூரம்தான் இடைவெளி. நீந்துகிறவர்கள் பக்கத்தில் கேட்கும் குரலை நோக்கி வர வேண்டும்.

"ஆகஸ்ட்ல பனி எங்க வரும்?" என்றார் ஆம்ப்ரோஸ்.

"வரலைன்னா நல்லது," என்றாள் அவள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, எதிர்க்கரையிலிருந்து பத்தொன்பது பேர் தண்ணீரில் இறங்கினார்கள். எல்லாருக்கும் ரப்பர் உடுப்பு, இடுப்பில் கட்டிய ஆரஞ்சு நிற மிதவை. கார்லண்ட் கடைசியாக இறங்கினார். அறுபது வயது. வருஷா வருஷம் அவர்தான் கடைசியாகக் கரையேறுவார்; எல்லாரும் ஏறிவிட்டார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் ஏறுவேன் என்பார்.

பாதி தூரம் வரை வெயில் அடித்தது. மீன் இறக்கும் துறையில் கூடியிருந்தவர்களின் சத்தம்கூட எங்களுக்குக் கேட்டது. பிறகு காற்று கிழக்கே திரும்பியது. என் கழுத்தில் ஈரம் பட்டது. நிமிர்ந்து பார்த்தேன், துறைமுக வாயைக் காணவில்லை. அடுத்த சில நிமிஷங்களில் என் துடுப்பின் நுனியே எனக்கு மங்கலாகத்தான் தெரிந்தது.

துறையில் யாரோ லாரியின் ஹாரனை விடாமல் அழுத்தினார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் சத்தம் இரண்டு பக்கப் பாறைகளிலும் மோதி நான்கு திசையிலிருந்தும் வந்தது. கரை எந்தப் பக்கம் என்று எங்களுக்கே குழம்பியது.

"எல்லாரும் நிறுத்து," என்றாள் லொரெட்டா. படகு நின்றது. அவள் எழுந்து நின்றாள். "ஒண்ணு... ரெண்டு... ஒண்ணு... ரெண்டு..." பந்தயத்தில் கத்துவதுபோல அல்ல, நிதானமாக, ஒரே அளவில். பனிக்குள்ளிருந்து இரண்டாவது படகின் காக்ஸ், பள்ளிக்கூட வாத்தியார், அதே தாளத்தைப் பிடித்தார். அதற்கும் அப்பால் ஆம்ப்ரோஸின் கரகரத்த குரல்.

நாங்கள் எதுவும் செய்யவில்லை. அதுதான் கஷ்டம். துடுப்பைத் தண்ணீரில் லேசாக அளைந்து படகை இடத்தில் பிடித்துவைத்துக்கொண்டு, குரலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். முதலில் ஒரு ஆரஞ்சு மிதவை தெரிந்தது. பிறகு இன்னொன்று. ஒவ்வொருவராக வந்து படகின் விளிம்பைப் பிடித்தார்கள். "ஐயோ, உங்க குரல் இல்லன்னா நான் ஐஸ்லாந்து போயிருப்பேன்," என்றாள் மருந்துக்கடைப் பெண். அவளுக்குப் பல் கிடுகிடுத்தது. இழுத்து உள்ளே போட்டோம்.

"எங்கிட்ட அஞ்சு!" என்று கத்தினாள் லொரெட்டா.

"ஏழு!" என்றார் வாத்தியார்.

"ஆறு!" என்றார் ஆம்ப்ரோஸ்.

பதினெட்டு. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். யார் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எங்கள் படகில் தொற்றியிருந்தவர்களை வாத்தியாரின் குரலை நோக்கி நீந்தவைத்து, அவர் படகுக்கு அனுப்பினோம். மருந்துக்கடைப் பெண் மட்டும் எங்களோடு இருந்தாள். லொரெட்டா சுக்கானை இடப்பக்கம் திருப்பினாள். அந்தப் பக்கம் கரையோரம் முழுவதும் தண்ணீருக்கு அடியில் மறைந்த பாறைகள்.

"வலப்பக்கமும் பார்க்கலாமே," என்றேன்.

"அவரு இடப்பக்கம்தான் போயிருப்பாரு. இடது தோள்ல பலம் கிடையாது. மீன் படகுல வலை இழுக்கிற இயந்திரம் முறிச்சிடுச்சு. வலது கையால மட்டும் இழுத்தா ஆள் இடப்பக்கமாத்தான் வளைஞ்சு போவாரு."

"உனக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. அதான் அணியிலேருந்து எடுத்தேன். தோள் போச்சுன்னு வெளிய தெரிஞ்சா, அவரை மீன் படகுல யார் வேலைக்கு வெச்சுக்குவா? அதான் வாயைத் திறக்கல."

பத்து வருஷம். அந்தப் பத்து வருஷமும் ஊரில் பாதிப் பேர் அவளைக் கல்நெஞ்சுக்காரி என்றார்கள். நானும் ஒன்றிரண்டு முறை சொல்லியிருக்கிறேன். அந்த இடத்தில் எனக்குத் துடுப்பைத் தவிர வேறு எங்கும் பார்க்க முடியவில்லை.

"கார்லண்ட்!" என்று அவள் கத்தினாள். பாறையில் அலை உடையும் சத்தம் கிட்டே வந்தது. "கார்லண்ட் பைக்! எங்கய்யா போய்த் தொலைஞ்ச? உன் பொண்டாட்டிக்கு நான் போய் என்ன பதில் சொல்லுவேன்?"

"கத்தாத பொம்பள!" பனிக்குள்ளிருந்து குரல் வந்தது. "எனக்குத் தோள்லதான் கோளாறு, காதுல இல்ல!"

படகில் பேசியது அவருக்குக் கேட்டிருக்கிறது. துடுப்பிலிருந்த ஆறு பெண்களும் ஒரே சமயத்தில் சிரித்தோம். இரண்டு பேர் அழுதுகொண்டே சிரித்தார்கள். அவர் மிதவையைக் கட்டிப்பிடித்தபடி, பாறையிலிருந்து இரண்டு துடுப்பு தூரத்தில் மிதந்துகொண்டிருந்தார். உதடு நீலமாக இருந்தது.

"கையைக் குடு," என்றாள் லொரெட்டா.

"குடுக்க மாட்டேன். படகைத் தொட்டா நீந்தி முடிச்சதா ஆகாது. மத்தவங்க?"

"எல்லாரும் பத்திரம்."

அவர் கண்களை மூடித் திறந்தார். பிறகுதான் கேட்டார். "என் தோள் விஷயம் உனக்கு எப்படித் தெரியும்?"

"எட்டு வருஷம் உன் மூஞ்சிக்கு எதிரே உக்காந்தவ நான். ஒவ்வொரு இழுப்புக்கும் அந்த மூஞ்சி எப்படிக் கோணும்னு எனக்குத் தெரியாதா?"

அவர் மிதவையை மார்போடு இழுத்துக்கொண்டார். "சொல்லியிருக்கலாம்," என்றார்.

"சொல்லியிருக்கலாம்தான்," என்றாள் லொரெட்டா. "என் வாய்க்கு வரல. சரி, நீந்து. என் குரலை விட்டு நகர்ந்த, துடுப்பாலயே போடுவேன்."

அவர் நீந்தினார். நாங்கள் அவருக்கு இடப்பக்கமாக, பாறைகளுக்கும் அவருக்கும் நடுவில், அவர் வேகத்துக்குப் படகைக் கொண்டுபோனோம். வழியில் மற்ற இரண்டு படகுகளும் சேர்ந்துகொண்டன. குளிர் தாங்காதவர்கள் படகுக்குள் இருந்தார்கள். மற்றவர்கள், எங்களாலும் முடியும் என்று மறுபடி தண்ணீரில் இறங்கி கார்லண்டுக்குப் பின்னால் நீந்தினார்கள். ஒரே குரல், மூன்று படகு, பதினெட்டுத் துடுப்பு, ஒரே தாளம். எத்தனையோ பந்தயம் ஓடியிருக்கிறேன். அவ்வளவு ஒன்றாக நாங்கள் என்றைக்கும் துடுப்பு இழுத்ததில்லை.

துறைக்கு ஐம்பதடி இருக்கும்போது பனி கிழிந்தது. ஊரே நின்றது அங்கே. யாரும் கைதட்டவில்லை, தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். பத்தொன்பது வந்ததும் எழுந்த கூச்சலில் கடற்பறவைகள் எல்லாம் கிளம்பிவிட்டன. கார்லண்ட் கடைசியாக ஏணியைப் பிடித்தார். ஜெரல்டீன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்தாள், லொரெட்டாவைப் பார்த்தாள்.

"பேசிட்டீங்களா ரெண்டு பேரும்?"

"பேசிட்டோம்," என்றார் கார்லண்ட்.

"அதுக்குக் கடல்ல தொலையணுமா?" என்று கேட்டு, தன் கம்பளியை எடுத்து அவர்மேல் போட்டாள்.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை நடந்த ரெகாட்டாவில் எங்கள் பெண்கள் அணி நான்காவதாக வந்தது. ஐந்து அணியில் நான்காவது. கையெல்லாம் வலி, ஆம்ப்ரோஸ் சொன்னது சரிதான். ஆனால் அவர் அதைச் சொல்லிக் காட்டவில்லை. யாராவது எங்கள் சட்டையைப் பார்த்து டோர்மன்ஸ் ஹார்பரா என்று கேட்டால் போதும், மூன்றாவது படகின் காக்ஸ் தான்தான் என்று ஆரம்பித்துவிடுவார்.

வேனுக்கு ஆர்டர் கொடுத்தாகிவிட்டது என்று கார்லண்ட் அன்றுதான் சொன்னார். அவர் எங்கள் கூடாரத்தில், எங்கள் மேஜைக்குப் பின்னால் நின்று, கட்லெட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். மாலையில் பந்தயத்தில் ஜெயித்த அணியின் காக்ஸ், கோப்பையைக் கக்கத்தில் இடுக்கியபடி லொரெட்டாவைத் தேடி வந்தாள்.

"உங்க படகெல்லாம் பனியில எப்படி வரிசையா நின்னுச்சு? எங்க ஊர்லயும் இப்படி ஒரு நீச்சல் நடத்தலாம்னு இருக்கோம். தீயணைப்பு வண்டி வாங்க."

லொரெட்டா கையைத் துடைத்துக்கொண்டு ஒரு பேப்பர் தட்டை எடுத்தாள். பேனாவால் அதில் ஒரு கரையை வரைந்தாள். மூன்று படகுகளைப் போட்டாள். "உக்காரு," என்றாள் அந்தப் பெண்ணிடம். "முதல்ல மெதுவா இழுக்கக் கத்துக்கணும்."